அத்தியாயம் 7: கலப்பு டயரும் கால் டன் டிரக்கும்

முன்னால் இரண்டும் 6.00-16. பின்னால் இரண்டும் 7.00-16. ஸ்டெப்னியில் ஒரு டிராக்டர் முன்டயர். பழனி மலையில் ஓடும் பழைய ஜீப்புகளில் இந்தக் கூட்டணியை அடிக்கடி பார்க்கலாம். கேட்டால் உரிமையாளர் நியாயமாகவே பதில் சொல்வார்: “ஆக்சிலுக்கு ஒரு ஜோடி சரியாத்தானே இருக்கு? பாரம் பின்னாடி, அதனால பெரிய டயர் பின்னாடி.” லாரிக்கு அது பொருந்தும். முன் ஆக்சிலும் இழுக்கும் வண்டிக்குப் பொருந்தாது. இப்படி ஜோடி ஜோடியாக மாட்டுவதுதான் இங்கே கியர்ப்பெட்டியைத் தின்கிறது.

வில்லிஸ் எம்பி ஜீப்புக்கு அமெரிக்க ராணுவம் தன் ஏடுகளில் கொடுத்த பெயர் கால் டன் டிரக். வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து போர்க்காலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தன. போர் முடிந்தபின் இந்தியாவில் கிடந்தவை டிஸ்போசலில் போயின. எஸ்டேட்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாங்கி மலையேற்றினார்கள். பிறகு மகிந்திரா 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளைக் கொண்டுவந்து, அந்த வம்சத்திலேயே பல பத்தாண்டுகள் வண்டி செய்தது. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையின் ஜோங்காவும் ஏலத்தில் வந்து சேர்ந்தது. தாண்டிக்குடி காப்பி, பூம்பாறைப் பூண்டு, மன்னவனூர் கேரட் எல்லாம் இந்த வண்டிகளின் முதுகில் ஏறியவைதான். நான் இங்கே சொல்வது எம்பி, அதன் இரட்டையான ஃபோர்டு ஜிபிடபிள்யூ, மகிந்திராவின் சிஜே-3பி வகைகள் மூன்றுக்கும் பொருந்தும். ஜோங்காவுக்கும் அடிப்படை இதுவே.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு ஆக்சிலின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் இருக்கிறது. வளைவில் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் சுற்ற அது இடம் கொடுக்கும். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே இந்த வண்டிகளில் அப்படி ஒன்று கிடையாது. ஃபோர்வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முன் ஜாயின்ட்டும் பின் ஜாயின்ட்டும் (ஆக்சிலுக்கு முறுக்கைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட்டுகள்) ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி, ஒன்று எட்டு வைக்கும் தூரம்தான் மற்றதும் வைத்தாக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். பாரத்தோடு தரையில் உருளும்போது 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். 7.00-16 ஏறக்குறைய 2.4 மீட்டர். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், பெரிதாக மாறாது. ஒரு கிலோமீட்டருக்கு சின்ன டயர் சுமார் 455 சுற்று, பெரியது சுமார் 417. வித்தியாசம் 38 சுற்று. எம்பியின் ஆக்சில் விகிதம் 4.88. ஆகவே முன் ஜாயின்ட்டும் பின் ஜாயின்ட்டும் ஒரு கிலோமீட்டருக்கு 185 சுற்று வேறுபட்டு ஓடப் பார்க்கும். பூட்டியிருப்பதால் முடியாது. அந்த 185 சுற்றும் எங்கேயாவது தீர்ந்தாக வேண்டும். டயர் தரையில் தேய்ந்து வழுக்கினால் நல்லது. வழுக்காவிட்டால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், கியர்ப் பற்கள் ஒன்றை ஒன்று நெரிக்கும், ஜாயின்ட் கிராஸின் ஊசி பேரிங் நசுங்கும்.

சேற்றில் வழுக்கும், தார் ரோட்டில் வழுக்காது. மழைக்குப் பின் கவுஞ்சி, கூக்கால் பக்கத்து மண்பாதையில் இந்தக் கலப்பு டயரோடு ஃபோர்வீல் போட்டு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் ஓட்டியவர்கள் இருப்பார்கள். அதே வண்டியை அதே லீவரோடு பெருமாள்மலையில் காய்ந்த தார் ரோட்டில் ஏற்றினால் சில கிலோமீட்டரில் தெரிந்துவிடும். “எனக்கு இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே” என்பவரிடம் முதலில் எந்த ரோட்டில் என்று கேளுங்கள்.

கொண்டை ஊசியும் லோ கியரும்

நான்கு டயரும் ஒன்றாக இருந்தாலும் வளைவில் முன் ஆக்சில் பின் ஆக்சிலைவிட நீளமான பாதையில் போகிறது. எம்பியின் முன்பின் ஆக்சில்களுக்கு இடையே 80 அங்குலம், அதாவது 2 மீட்டரை ஒட்டி. முன் ஆக்சிலின் நடுப்பகுதி 8 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பின் ஆக்சிலின் நடுப்பகுதி சுமார் 7.75 மீட்டரில் திரும்பும். முன்னது 3 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக ஓடுகிறது. நல்ல டயரோடும் தார் ரோட்டின் கொண்டை ஊசி வளைவில் ஃபோர்வீல் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது பின்னால் பெரிய டயரை மாட்டுங்கள். ஜாயின்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் பின் ஆக்சில் முன்னதைவிட அதிக தூரம் போகிறது. முன் ஆக்சிலோ வளைவில் இன்னும் அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. இரண்டு குறையும் ஒரே பக்கம் சேர்ந்து 11, 12 விழுக்காடு ஆகிவிடும். பெரிய ஜோடி முன்னால் இருந்தால் வளைவில் ஒன்றை ஒன்று கொஞ்சம் கழித்துக்கொள்ளும். ஃபோர்வீல் டிராக்டர்களில் முன்டயர் சின்னதாக இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே முன் ஆக்சிலின் கியர் விகிதத்தை டயருக்குத் தக்கபடி கம்பெனியே மாற்றி, முன்சக்கரம் சில விழுக்காடு வேகமாக இழுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஜீப்பில் இரண்டு ஆக்சிலுக்கும் ஒரே விகிதம்.

காட் ரோட்டில் ஃபோர்வீல் போடாமல் ஓட்டினால் தீர்ந்ததா? பெரும்பாலும் தீர்ந்தது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும்போது முன் ஜாயின்ட் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும், யாரையும் முறுக்காது. ஆனால் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு பூட்டு உண்டு: ஃபோர்வீல் போடாமல் லோ கியர் விழாது. வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டர். முழுப் பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கைக் காப்பாற்ற லோ போட நினைத்தால் ஃபோர்வீலும் கூடவே விழும். பிரேக் டிரம் சூடாகிப் பிடிக்காமல் போவதைவிட இது மேல் என்று சிலர் வாதிடுவார்கள். என் கருத்தில், காய்ந்த தாரில் ஹை ரேஞ்சில் இரண்டாம் கியர் போதும். அதுவும் பிடிக்காத அளவுக்குப் பாரம் இருந்தால் பாரத்தைத்தான் குறைக்க வேண்டும். லீவரின் உள்பூட்டைக் கழற்றி, ஃபோர்வீல் இல்லாமலே லோ விழும்படி செய்து தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த வண்டியில் லோவின் முழு முறுக்கும் பின் ஆக்சில் ஷாஃப்ட் மேலேயே விழும். ஏற்றத்தில் கிளட்ச்சை மெதுவாக விடத் தெரிந்தவர் கையில் மட்டும் அது பாதுகாப்பு.

முறுக்கிக்கொண்டதை எப்படி அறிவது

முதல் அடையாளம், ஃபோர்வீல் லீவர் வெளியே வராது. இரண்டு கையால் இழுத்தாலும் வராது. கம்பியை மாட்டி நெம்பாதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து நாலைந்து மீட்டர் பின்னால் எடுங்கள், முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாக நழுவும். ஓரத்து மண்ணில் ஒரு பக்கச் சக்கரங்களை இறக்கி உருட்டினாலும் சரியாகும். ஸ்டியரிங் கனப்பது, டிரான்ஸ்ஃபர் கேஸ் கையை வைக்க முடியாமல் சுடுவது, முன்டயரின் பட்டன்கள் ஒரு ஓரம் மட்டும் ரம்பப் பல்லாகத் தேய்வது ஆகியவை அடுத்தடுத்து வரும்.

முறுக்கிய நிலையில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்காதீர்கள். சக்கரம் தரையை விட்ட நொடியில் அடைபட்டிருந்த முறுக்கு முழுவதும் அந்த ஒரு சக்கரத்தில் விடுபட்டு அது சட்டென்று சுழலும். நட்டில் ஸ்பேனர் மாட்டியிருந்தால் கை போய்விடும்.

இன்னொன்று. எம்பியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் ஜாயின்ட்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் டிஃபரென்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழன்று வண்டி உருளும். ஹேண்ட் பிரேக்கை நம்பிச் சரிவில் ஜாக்கி போடுவது வேண்டாம். கல்லோ கட்டையோ இரண்டு சக்கரத்துக்கு அண்டை கொடுத்த பிறகே தூக்குங்கள். இடது பக்கச் சக்கர நட்டுகள் எம்பியில் இடதுபுரி, கழற்ற எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். வலதுபுரி என்று நினைத்து மிதித்து போல்ட்டை முறிக்காதவர் மலையில் குறைவு.

டேப்பை எடுங்கள்

டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் சைஸை நம்பி முடிவு செய்ய முடியாது. ஒரே 6.00-16 என்று அச்சிட்ட இரண்டு டயரில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றால் கணக்கு மாறிவிடும். பட்டன் உயரம் 12 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் சுற்றளவில் 5 சென்டிமீட்டருக்கு மேல் குறையும். 2 விழுக்காட்டுக்கும் மேல். ரீட்ரெட்டில் இது இன்னும் மோசம். கடைக்குக் கடை வேறு கனத்தில் ரப்பர் ஒட்டுகிறார்கள். இரண்டு ஊரில் ரீட்ரெட் செய்த இரண்டு டயர் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அளக்கும் முறை எளிது. நான்கிலும் காற்றை ஒன்றாக வையுங்கள், டயர் ஆறியிருக்க வேண்டும். வழக்கமான பாரம் வண்டியில் இருக்கட்டும். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்க, எஞ்சினை நிறுத்தி, ஃபோர்வீலை எடுத்துவிட்டு, ஆட்களை வைத்துத் தள்ளி ஐந்து முழுச் சுற்று உருட்டுங்கள். டயர்க்கோடு ஐந்தாவது முறை தரையைத் தொடும் இடத்தில் மறுபடி கோடு. இடைத்தூரம் 11 மீட்டரை ஒட்டி வரும். ஒரு விழுக்காடு வித்தியாசம் என்றால் 11 சென்டிமீட்டர், சாதாரண டேப்பிலேயே தெரியும். சமதரை வேண்டும். அதற்குக் கொடைக்கானலில் விடியற்காலை ஏரிச் சாலையை விட்டால் பள்ளி மைதானங்கள்தான் இருக்கின்றன.

நான் வைத்துக்கொள்ளும் வரம்பு இது: முன் ஆக்சிலின் சராசரிக்கும் பின் ஆக்சிலின் சராசரிக்கும் ஒரு விழுக்காடு வரை கவலை இல்லை. இரண்டு வரை மண்பாதையில் மட்டும் ஃபோர்வீல். அதற்கு மேல் ஃபோர்வீல் லீவரைத் தொடுவதே இல்லை. ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கத்துக்குள் அரை விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம்.

காற்றைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. சமவெளியில் 30 பவுண்டு வைத்து மேலே வந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் சுமார் 3 பவுண்டு கூடக் காட்ட வேண்டும். ஆனால் 35 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குக் குளிர்வதில் ஏறக்குறைய அதே அளவு இறங்கிவிடும். இரண்டும் கழிந்துபோவதால் மேலே வந்தவர்களுக்கு வித்தியாசமே தெரிவதில்லை. மத்தியான வெயிலில் அளக்க நேர்ந்தால் நிழலில் நிறுத்தி ஆறவிட்டு அளங்கள்.

டயரெல்லாம் ஒன்றாக இருந்தும் லீவர் மாட்டிக்கொள்கிறதா? ஆக்சிலைச் சந்தேகப்படுங்கள். எம்பியின் ஆக்சிலில் கிரவுன் 39 பல், பினியன் 8 பல், விகிதம் 4.88. பிற்கால சிஜே, மகிந்திரா ஆக்சிலில் 43-க்கு 8, அதாவது 5.38. ஒன்று உடைந்தபோது கிடைத்ததை மாட்டிய வண்டிகள் உண்டு. ஒரு ஆக்சில் 4.88, மற்றது 5.38 என்றால் 10 விழுக்காடு வித்தியாசம், டயரை எப்படி மாற்றினாலும் தீராது. சோதிக்க: எதிர்ச்சக்கரம் தரையில் அசையாமல் இருக்க, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அந்த ஆக்சிலின் ஜாயின்ட் ஐந்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 4.88. ஐந்தேகாலைத் தாண்டினால் 5.38. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கப் போகிறவர்கள் பற்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

கலந்தே ஆக வேண்டுமானால்

நடு வழியில் வேறு வழி இல்லாமல் போகும். பேரிஜம் பாதையில் (வனத்துறை அனுமதியோடு போயிருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்) ஒரு டயர் கிழிந்து, கையில் இருப்பது சைஸ் மாறிய ஸ்டெப்னி. போர்க்காலத்தில் ஜப்பான் படை வந்தால் கொச்சிப் பக்கம் தப்பிப் போவதற்கென்று செப்பனிட்ட எஸ்கேப் ரோடு அதே பக்கம்தான் போகிறது. இன்று அங்கே உதவிக்கு வண்டி வராது.

பொருந்தாத டயரைப் பின்னால் மாட்டுங்கள். கிழிந்தது முன்டயர் என்றால் பின்னால் இருக்கும் நல்ல டயரை முன்னுக்கு மாற்றிவிட்டு, பின்னால் இதை. இரட்டை வேலைதான், ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. ஃபோர்வீல் கூடாது, மெதுவாகப் போங்கள். டிஃபரென்ஷியலுக்குள் ஸ்டார் பினியன்கள் நேர்ரோட்டிலும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சில கிலோமீட்டர் தாங்கும், மாதக்கணக்கில் தாங்காது. வாஷர் தேய்ந்து ஹவுசிங் ஆயிலில் உலோகத்தூள் வந்துவிடும்.

இரண்டு பெரியது, இரண்டு சின்னது இருக்கிறது, சேற்றில் ஃபோர்வீல் கட்டாயம் வேண்டும் என்றால் ஜோடியை உடைத்துக் குறுக்காக மாட்டுவது ஒரு தந்திரம். முன்னால் இடது பெரியது, பின்னால் வலது பெரியது. இரண்டு ஆக்சிலின் சராசரியும் ஒன்றாகிவிடும், டிரான்ஸ்ஃபர் கேஸ் பிழைக்கும். துன்பம் முழுவதும் இரண்டு டிஃபரென்ஷியலுக்கும் போகும், வண்டியும் இழுக்கும். சேற்றைக் கடக்கும் வரைக்கும்தான்.

புது ஜோடி ஒன்று, பாதி தேய்ந்த ஜோடி ஒன்று என்ற வழக்கமான நிலையில் புதியது எங்கே? முறுக்கை மட்டும் பார்த்தால் முன்னால். மழையில் நனைந்த காட் ரோட்டில் பாரத்தோடு ஏறுவதையும் பின்பக்கம் சறுக்காமல் இருப்பதையும் பார்த்தால் பின்னால். நான் பின்னால்தான் மாட்டுவேன். ஃபோர்வீல் போடும் இடம் எப்படியும் சேறு.

டிராக்டர் முன்டயரும் 6.00-16 சைஸில் வருகிறது, ஜீப் ரிம்மில் ஏறிவிடும், விலையும் குறைவு. அதன் ஓரத்தில் ஏ6 என்று இருந்தால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கும், ஏ8 என்றால் 40 கிலோமீட்டருக்கும் செய்தது. காட் ரோட்டில் இறங்கும் வேகத்துக்கு அது ஆகாது. அதன் நீளவாட்டுப் பட்டைகள் சேற்றில் இழுக்கவும் இழுக்காது. ரேடியல் போட ஆசைப்பட்டால் 215/75 ஆர்16 உயரத்தில் 6.00-16-ஐ ஒட்டி, 729 மில்லிமீட்டர் வரும். ஆனால் எம்பியின் ரிம் நாலரை அங்குல அகலம், அந்த அகல டயருக்கு அது போதாது. ரிம்மையும் மாற்ற வேண்டும். நைலானையும் ரேடியலையும் ஒரே ஆக்சிலில் கலக்கவே கூடாது.

நான்கிலும் 7.00-16 போட்டுவிட்டால் முறுக்குப் பிரச்சினை தீருமே என்பார்கள். தீரும், வேறொன்று வரும். கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 60 குதிரைத்திறன் எம்பி எஞ்சின் அங்கே 48-ஐ ஒட்டித்தான் கொடுக்கும். டயரைப் பெரிதாக்கினால் கியரிங் இன்னும் 9 விழுக்காடு உயர்ந்துவிடும். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கக் கிளட்ச் கருகும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் எங்கே உரசுகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கும். பார்க்க கம்பீரமாக இருக்கும் என்பது உண்மை.

பெரிய வண்டிக்காரர்களுக்கு

டாட்ஜ் முக்கால் டன் வெப்பன் கேரியர் வைத்திருப்பவர்களுக்கு 9.00-16 கிடைப்பதே கஷ்டம், அதனால் கலக்கும் ஆசை அதிகம். கணக்கு அதேதான். ஒரு எச்சரிக்கை மட்டும் கூடுதல். டாட்ஜிலும் போர்க்கால ஜீப்பின் காம்பாட் சக்கரத்திலும் ரிம் இரண்டு பாதியாக, நட் போட்டுச் சேர்த்தது. வண்டியில் சக்கரத்தைப் பிடிக்கும் நட்டுகள் வேறு, ரிம்மின் இரு பாதியைச் சேர்க்கும் நட்டுகள் வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவதைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரியும், உயிரே போகும். வால்வு ஊசியை முழுக்கக் கழற்றி, காற்று போனதை உறுதி செய்த பிறகே கை வையுங்கள். இந்த ரிம்மைப் பார்த்திராத பங்க்சர் கடைப் பையன்களிடம் நீங்களே நின்று சொல்லுங்கள்.

வாங்கும்போது

ஐந்து டயர் ஒன்றாக வாங்குங்கள். ஒரே கம்பெனி, ஒரே பட்டன், 6.00-16. ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3218 என்றால் 2018-இன் 32-ஆவது வாரம் செய்தது. பழைய ராணுவ ஸ்டாக் என்று விற்பவை பட்டன் உயரமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், ஈர ரோட்டில் பிடிக்காது. ஐந்தையும் சுழற்சியில் விடுங்கள், ஸ்டெப்னியும் முறை வரும்போது கீழே இறங்கட்டும். முதுகில் தொங்கியே புதிதாக இருக்கும் ஸ்டெப்னி, தேய்ந்த நான்கோடு சேரும் நாளில் அதுவும் கலப்பு டயர்தான். சாக்பீஸ் போட்டு அளந்த எண்களைத் தேதியோடு ஒரு அட்டையில் எழுதி டாஷ்போர்டு அறையில் வையுங்கள். அடுத்த ஒற்றை டயர் வாங்க நேரும்போது கடையில் சைஸோடு அந்தச் சுற்றளவையும் சொல்லித் தேடலாம்.